ஆகலின்: அமெரிக்கத் துமுக்கி வழக்கில் ஒரு சொல்லாராய்ச்சி

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது பழஞ்செய்தி. ஒரு குறட்கு ஒருவர் கொண்ட பொருளை மற்றவர் மறுப்பார். மறுத்தவரை மூன்றாமவர் மறுப்பார். அம் மறுப்புகளால் ஏடுகள் பெருகினவேயன்றி எவர்க்கும் ஊறு நேர்ந்ததில்லை. பட்டிமன்ற மேடையில் இரண்டு நாழிகைச் சினம். அதன்பின் இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு செல்வர். ஆனால், உரை வேறுபாட்டின்மேல் மாந்தர் உயிர் நிற்கும் நாடு ஒன்று உளது. அஃது அமெரிக்க ஒன்றிய நாடுகள். அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் என்பது ஒரே ஒரு சொற்றொடர். ஆங்கில மூலத்தில் எண்ணிப் பார்த்தால் 27 சொற்கள். 1791-ஆம் ஆண்டு திசம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அத் தொடர்க்குப் பொருள் யாது என்னும் வழக்கு இன்றளவும் முடிந்தபாடில்லை.

உரைக்குள் புகுமுன் ஒரு சொல். துப்பாக்கி என்பது துருக்கியர் மொழிவழி வந்து தமிழில் குடியேறிய பெயர். அதனைத் துமுக்கி என்று வழங்குதல் தனித்தமிழ் மரபு. இங்கும் அவ்வாறே வழங்கப்பெறும். கருவியை ஆக்கியவன் எவனாயினும் ஆகுக. பெயரேனும் தமிழாக இருக்கட்டும்.

2022-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தெக்சாசு மாநிலத்து யுவால்டி என்னும் சிறு நகரில், தொடக்கப்பள்ளி ஒன்றனுள் பதினெட்டு அகவை இளைஞன் ஒருவன் நீள்துமுக்கியுடன் நுழைந்தான். 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் மாண்டனர். அக் கருவியை அவன் திருடவில்லை, மறைவாகப் பெறவுமில்லை. பதினெட்டு நிறைந்த சில நாள்களில் கடையிற் பணங்கொடுத்துச் சட்டப்படி வாங்கினான். வெளியே காவலர் நூற்றுக்கணக்கிற் குவிந்திருந்தும் ஒரு மணி நேரத்திற்கு மேலாக அவ் வகுப்பறைக்குள் புகவில்லை. உள்ளிருந்த குழந்தைகள் தொலைபேசியில் உதவி வேண்டி அழைத்துக்கொண்டிருந்தனர்.

அதற்கு முப்பதாம் நாள், சூன் 23-இல், அந்நாட்டின் உச்ச அறமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வெளியிடங்களுக்குக் கைத்துமுக்கியை மறைத்து எடுத்துச்செல்ல விரும்புவோர், தமக்கெனத் தனித்தேவை உண்டென்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது நியூயார்க் மாநிலம் நூறாண்டுக்கு மேலாக வைத்திருந்த சட்டம். அச் சட்டம் இரண்டாம் திருத்தத்திற்கு மாறானது, ஆகவே செல்லாது என்றனர் நடுவர் அறுவர். மூவர் மறுத்தனர். இரண்டு நாள் கழித்து, இருபத்தோர் அகவைக்குட்பட்டோர் துமுக்கி வாங்குங்கால் அவர்தம் பின்புலத்தை இன்னும் கூர்ந்து ஆராயவேண்டும் என்னும் புதுச்சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். ஒரே கிழமையில் ஒரு கை இறுக்கியது. மற்றொரு கை தளர்த்தியது. இரு கையும் ஒரே தொடரைத்தான் சுட்டிக்காட்டின.

அத் தொடரை, மூலத்தின் சொல்வைப்பை இயன்றவரை பின்பற்றித் தமிழில் சொன்னால் இவ்வாறு அமையும்: நன்கு ஒழுங்குபடுத்தப்பெற்ற குடிப்படை, விடுதலை நாட்டின் காப்பிற்கு இன்றியமையாதது ஆகலின், படைக்கலங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது.

'ஆகலின்' என்னும் சொல்லை நோக்குக. ஆங்கில மூலத்தில் கரணியத்தை வெளிப்படையாகக் காட்டும் உருபு ஏதுமில்லை. இருத்தற் பொருளதாகிய ஓர் எச்சம் மட்டும் முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனைக் கரணியப் பொருளிற் கொள்வதே இயல்பு. கொண்டபின்னர் எழும் வினா ஒன்றே. முன்பாதி சொல்லும் கரணியம், பின்பாதி தரும் உரிமையை எல்லைகட்டுமா, கட்டாதா?

வகுப்பறை எடுத்துக்காட்டு ஒன்றால் இது விளங்கும். 'ஏரி நிரம்பி நிற்றலின், மதகைத் திறக்க ஊரார்க்குள்ள உரிமை மறுக்கப்படலாகாது' என்று ஊர்ச்சாவடியில் எழுதி வைத்திருக்கிறது என்று கொள்க. ஏரி வற்றிவிட்டது. உரிமை உண்டா? ஒரு மாணவன் எழுந்து, "உரிமை ஊராருடையது, ஏரி நிரம்பியது என்பது அதனை எழுதி வைத்ததற்குக் கரணியமே தவிர உரிமைக்கு வேலியன்று. வற்றினாலும் மதகு ஊராருடையதே" என்பான். மற்றொருவன், "நீர் மிகுந்தபோது கரை உடையாதிருக்கத் தந்த உரிமையை, வற்றியபோது எடுத்தால் எஞ்சிய நீரும் போய்விடுமே! அப்படியானால் முதற்பாதியை ஏன் எழுதினார்கள்?" என்று கேட்பான். இருவர்க்கும் மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். அமெரிக்க உச்ச அறமன்றத்தில் இந்த இரு மாணவரும் ஒன்பது நாற்காலிகளைப் பங்கிட்டுக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர் என்று கொண்டால் செய்தி முழுதும் விளங்கிவிடும்.

பொருள் ஐயுறுமிடத்துக் காலமும் இடமும் நோக்குக என்பது உரைநெறி. அத் தொடர் பிறந்த காலம் எத்தகையது?

1775-ஆம் ஆண்டு ஏப்பிரல் 19-இல், கான்கார்டு என்னும் ஊரில் குடியேற்ற மக்கள் சேர்த்துவைத்திருந்த படைக்கலங்களைப் பறிக்க ஆங்கிலேயப் படை புறப்பட்டது. வழியில் இலெக்சிங்டனில் உழவரும் தச்சரும் கொல்லரும் தத்தம் துமுக்கியோடு எதிர்நின்றனர். விடுதலைப்போரின் முதல் வெடி அங்கே வெடித்தது. ஆகவே, அரசன் கூலிகொடுத்து வைத்திருக்கும் நிலைப்படை என்றாலே அம் மக்களுக்கு அச்சமும் அருவருப்பும் இருந்தன. குடிமக்களே வேண்டும்போது படையாகத் திரள்வதுதான் குடிப்படை. உரிமைக்குக் காவல் அதுவே என்று நம்பினர். இந் நம்பிக்கையில் ஒரு கறையும் உண்டு. தென்மாநிலங்களில் அக் குடிப்படை, அடிமைகள் கிளர்ந்தெழாவண்ணம் அடக்கிவைக்கும் படையாகவும் இருந்தது.

1789 சூன் 8-இல் மேடிசன் பேராயத்தின் முன்வைத்த முதல் வரைவு இன்றுள்ள தொடரினும் வேறானது. அதில் மக்கள் உரிமை முதலில் நின்றது. குடிப்படை பின்னே வந்தது. அதற்கும் பின்னே மூன்றாவதாக ஒரு பகுதி இருந்தது. சமயக் கொள்கையால் படைக்கலம் ஏந்த ஒருப்படாத எவரையும், நேரிற் படைப்பணி செய்யுமாறு வற்புறுத்தலாகாது என்பது அப்பகுதி. கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்ட குவேக்கர் போன்றோரைக் கருதியது அது. இம் மூன்றாம் பகுதிதான் சொல்லாராய்வார்க்குக் கிட்டிய புதையல். 'படைக்கலம் ஏந்துதல்' என்பதற்கு அங்கே படைப்பணி புரிதல் என்பதன்றி வேறு பொருள் கொள்ள வழியில்லை. ஒரே தொடரில் ஈரிடத்து வரும் சொல்லுக்கு ஓரிடத்து ஒரு பொருளும் மற்றோரிடத்து வேறொரு பொருளும் கொள்வது நல்லுரை ஆகாது.

ஆயினும், கீழவை உறுப்பினராகிய எல்பிரிட்சு கெரி என்பார் அப்பகுதியை ஐயுற்றார். இன்னின்னார் ஒருப்படாதவர் என்று அரசே முடிவுகட்டி அவர்களிடமிருந்து படைக்கலங்களைப் பறித்துவிடுமே என்பது அவர் அச்சம். குடிப்படை எதற்கு? நிலைப்படை தோன்றாமைக்கே என்றும் அவர் உரைத்தார். மேலவையில் அம் மூன்றாம் பகுதி நீக்கப்பெற்றது. அதே மேலவையில், 'ஏந்தவும்' என்பதையடுத்துப் 'பொதுக்காவலின் பொருட்டு' என்னும் சொற்களைச் சேர்க்கவேண்டும் என்று வந்த முன்மொழிவும் தோற்றது. இதனையும் மறைக்காமற் சொல்லுதல் கடன். முதற்செய்தி ஒரு கட்சிக்கு வலிமை. இரண்டாஞ் செய்தி எதிர்க்கட்சிக்கு வலிமை.

1792-ஆம் ஆண்டுக் குடிப்படைச் சட்டத்தைப் பார்த்தால் அக்காலக் கருத்து கண்முன் வந்து நிற்கும். பதினெட்டு அகவை முதல் நாற்பத்தைந்துக்கு உட்பட்ட, உடல்வலியுடைய வெள்ளை ஆண்மகன் ஒவ்வொருவனும் தன் கைப்பொருளைக்கொண்டு ஒரு துமுக்கி, அதன் முனையிற் பொருத்தும் ஈட்டி, தீத்தட்டும் கற்கள் இரண்டு, தோட்டாக்கள் இருபத்துநான்கிற்குக் குறையாமல் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று அச் சட்டம் கட்டளையிட்டது. துமுக்கி அங்கே உரிமை மட்டுமன்று, வரிபோன்றதொரு கடமை. அத் துமுக்கியும் ஒரு வெடி வெடித்தபின் குழாய்க்குள் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் இடித்து நிரப்பவேண்டிய கருவி. தேர்ந்த கைக்கும் நிமையத்திற்கு மூன்று நான்கு வெடிக்குமேல் இயலாது.

இனி, 'மக்கள்' என்னும் சொல். அச்சொல் யாரைக் குறித்தது என்பதைப் பின்வந்த வரலாறு கொடுமையாக விளக்கியது. 1857-ஆம் ஆண்டு திரெட்டு இசுகாட்டு என்னும் அடிமையின் வழக்கில், கறுப்பர் குடிமக்கள் ஆகார் என்று தலைமை நடுவர் தானி தீர்ப்பெழுதினார். அவர் காட்டிய கரணியங்களுள் ஒன்று, கறுப்பரைக் குடிமக்கள் என ஏற்றால் செல்லுமிடமெல்லாம் படைக்கலம் எடுத்துச்செல்லும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்துவிடுமே என்பது! உரிமையை மறுப்பதற்காகவேனும் அஃது ஒவ்வொரு குடிமகனுக்கும் உரியது என்று அவர் ஒத்துக்கொண்டார். அடிமைமுறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பர் உரிமமின்றித் துமுக்கி வைத்திருக்கலாகாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டமியற்றியது. வெள்ளையர்க்கு அத்தடை இல்லை. 1873-இல் இலூசியானா மாநிலத்துக் கோல்பாக்சு என்னும் ஊரில் வெள்ளையர் திரண்டு கறுப்பர் பலரைக் கொன்றனர். அவ் வழக்கு 1876-இல் உச்ச அறமன்றம் சென்றபோது, இரண்டாம் திருத்தம் நடுவணரசின் பேராயத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் செய்த கொடுமைக்கு அஃது உதவாது என்று கைவிரித்தனர்.

படைக்கலம் பறிப்பதில் இத்தகைய ஓரவஞ்சனை தமிழர்க்குப் புதிதன்று. 1878-ஆம் ஆண்டு லிட்டன் ஆட்சியில் வந்த படைக்கலச் சட்டம், இந்நாட்டினர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்தது; ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. ஆகவே, துமுக்கிக் கட்டுப்பாடு என்று கேட்டவுடனே அதனை நன்மை என்று தலையாட்டிவிடுதலும் பேதைமை. யார் கட்டுப்படுத்துகிறார், யாரை என்று கேட்டறிதல் வேண்டும். 1967-இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் என்னும் இயக்கத்தினர், காவலர் கொடுமையைக் கண்காணிப்பதாகச் சொல்லிக் கையில் துமுக்கியோடு தெருக்களில் உலவினர்; மே 2-ஆம் நாள் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திற்குள்ளும் புகுந்தனர். அவ்வாண்டே, குண்டிட்ட துமுக்கியைப் பொதுவிடத்தில் எடுத்துச் செல்லலாகாது என்னும் சட்டம் பிறந்தது. கையொப்பமிட்ட ஆளுநர் இரேகன்! பின்னாளில் துமுக்கி உரிமைக் கட்சியாரின் தனிப்பெருந் தலைவராகப் போற்றப்பட்டவர் அவரே.

சட்டப் பொருளுக்கு வருவோம். 1934-இல் கொள்ளைக் கூட்டத்தாரின் கொட்டத்தை அடக்க நடுவணரசு ஒரு சட்டம் செய்தது. குழாய் குறுக்கிய துமுக்கி ஒன்றைப் பற்றி அதன்கீழ் எழுந்த மில்லர் வழக்கில், 1939-இல் உச்ச அறமன்றம் ஒருமனமாகத் தீர்ப்பளித்தது. இக் கருவிக்கும் ஒழுங்கமைந்த குடிப்படைக்கும் யாதொரு தொடர்பும் காட்டப்பெறவில்லை. ஆகவே இரண்டாம் திருத்தம் இதனைக் காவாது என்பது முடிவு. முன்பாதி பின்பாதியை எல்லைகட்டும் என்று கொண்ட இத் தீர்ப்பு ஏறத்தாழ எழுபதாண்டு நிலைத்திருந்தது. ஒன்று சொல்லவேண்டும். அவ் வழக்கில் எதிர்த்தரப்பின் சார்பாக உச்ச அறமன்றத்தில் ஒருவரும் தோன்றி வழக்குரைக்கவில்லை. ஒருவரே ஆடிய ஆட்டத்தில் வென்ற வெற்றி அது.

பொருள் மாறியது எவ்வாறு? புதிய ஓலைச்சுவடி ஏதும் அகழ்ந்தெடுக்கப்பட்டு மாறவில்லை. 1871-இல் நியூயார்க்கில் நாட்டுத் துமுக்கிக் கழகம் ஒன்று தோன்றியது. உள்நாட்டுப் போரில் தம் படைஞர்க்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்று நாணிய படைத்தலைவர்கள் தோற்றுவித்தது. நூறாண்டுக் காலம் குறிபார்த்தலையும் வேட்டையையும் பயிற்றுவதே அதன் தலையாய பணி. கென்னடியும், மார்ட்டின் லூதர் கிங்கும், கென்னடியின் தம்பியும் சுடப்பட்டு மாண்டபின் 1968-இல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டம் உறுப்பினர் பலரைச் சினமூட்டியது. 1977-இல் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக்கூட்டத்தில் பழைய தலைமையைக் கவிழ்த்து, எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்ப்பதே நோக்கம் என்போர் கழகத்தைக் கைப்பற்றினர். அக் கழகத்தின் தலைமையகத்து முன்கூடச் சுவரில் இரண்டாம் திருத்தம் பேரெழுத்தில் பொறிக்கப்பெற்றது. எவ்வாறு? பின்பாதி மட்டும். குடிப்படை என்னும் சொல்லே அங்கில்லை. ஒரு குறளின் ஏழு சீரில் முதல் நான்கை உளியால் கொத்தி எறிந்துவிட்டு எஞ்சிய மூன்றைக் கல்லில் வெட்டிவைத்தாற் போன்றது இது.

ஓய்வுபெற்ற தலைமை நடுவர் வாரன் பர்கர் 1991-இல் தொலைக்காட்சியில் பேசியபோது, இத் திருத்தத்தைத் தன்னலக் குழுவினர் திரித்துக்காட்டியது பொதுமக்கள்மேல் நடத்திய பெரும் ஏமாற்று என்று கடுஞ்சொல்லால் இடித்துரைத்தார். அவர் பழைமை பேணும் கட்சியாரால் அமர்த்தப்பெற்றவர் என்பது நினைவில் இருத்தற்குரியது.

அதற்குப் பதினேழு ஆண்டு கழித்து, 2008 சூன் 26-ஆம் நாள், எல்லர் வழக்கில் தீர்ப்பு வந்தது. தலைநகராகிய வாசிங்டனில் 1976 முதல் கைத்துமுக்கி வைத்திருத்தல் தடுக்கப்பட்டிருந்தது. வழக்காடியவர் ஒரு காவற்பணியாளர். பணியிடத்தில் அரசுக் கட்டடத்தைக் காக்கத் துமுக்கி தாங்குபவர். வீடு திரும்பினால் தன்னைக் காத்துக்கொள்ள அஃது இல்லை. ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் அவர் வென்றார். ஐவர் சார்பில் எழுதிய இசுகாலியா, முன்பாதி பாயிரம் போன்றது. நோக்கத்தை அறிவிக்குமேயன்றி உரிமையைக் குறுக்காது என்றார். மற்றத் திருத்தங்களில் 'மக்கள் உரிமை' என்று வருமிடமெல்லாம் தனித்தனி மாந்தரையே குறிக்கிறது. இங்கு மட்டும் படையினரைக் குறிக்கும் என்பது எங்ஙனம் என்று கேட்டார். இவ் வினா வலிமையானது, எளிதிற் புறந்தள்ளற்பாலதன்று. ஆயினும், குற்றவாளிகளும் உளநோயாளரும் துமுக்கி வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டங்களையும், பள்ளிகளில் துமுக்கியைத் தடுக்கும் சட்டங்களையும் இத் தீர்ப்பு அசைக்காது என்று அவரே எழுதிவைத்தார். மறுத்தெழுதிய இசுடீவன்சு, வைத்திருத்தலும் ஏந்துதலும் சேர்ந்தே படைப்பணி குறித்த ஒரே உரிமை. ஒன்றும் பயவாச் சொல்லை அத் தொடரின் ஆசிரியர் தலைப்பில் வைத்திரார் என்றார்.

காற்புள்ளிகூட வழக்காடியது! பேராயத்தார் நிறைவேற்றிய படியில் மூன்று காற்புள்ளிகள். மாநிலங்கள் சில ஏற்ற படியில் ஒன்றே ஒன்று. கீழமன்றத்து நடுவர் 2007-இல் எழுதிய தீர்ப்பில், இரண்டாம் காற்புள்ளியே தொடரை இருகூறாக்குகிறது என்று அதன்மேல் பொருளை ஏற்றினார். மெய்யெழுத்திற்குரிய புள்ளியையும் இடாது ஓலையில் எழுதிப் பொருள்நோக்கி முன்பின் இயைத்துப் படித்த தமிழ்ப்புலவர் இதைக் கேட்டால் நகைப்பர். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தர் காற்புள்ளியை மூச்சு விடுமிடமெல்லாம் இட்டவர். பின்னர்க் கணிப்பொறி வழியாக அக்கால நூல்களைத் துருவிய தென்னிசு பேரன் என்னும் மொழியறிஞர், 'படைக்கலம் ஏந்துதல்' என்னும் வழக்கு ஏறத்தாழ 1,500 இடங்களில் வருதலையும், போரும் படையும் சாராமல் வருவன விரல்விட்டு எண்ணத்தக்கனவே என்பதையும் கண்டார். தீர்ப்போ முன்னரே முடிந்துவிட்டது.

சொல்லாராய்ச்சி அளவில், முன்பாதிக்குப் பொருளுண்டு என்போர் பக்கமே துலாக்கோல் தாழ்கிறது. நூற்பாவில் ஒரு சொல்லும் வீணாகாது என்பது உரையாசிரியர் கோட்பாடு. ஆனால், உரிமைக் கட்சியாரின் உள்ளத்தையும் அறிதல் வேண்டும். எல்லர் தீர்ப்பை மாநிலங்களுக்கும் விரித்த 2010-ஆம் ஆண்டு வழக்கைத் தொடுத்தவர், சிக்காகோவில் வாழ்ந்த முதிய கறுப்பினத்தவர் ஒருவர். அவர் வீட்டிற் கள்வர் பன்முறை புகுந்தனர். கொடியவரிடம் துமுக்கி இருக்கிறது, தமக்கு மட்டும் தடையா என்று கேட்டார். காவல்நிலையம் இருபது கல்லுக்கு அப்பால் உள்ள சிற்றூரில் தனித்து வாழும் பெண்ணும் அதையே கேட்கிறாள். யுவால்டியில் காவலர் வாயிலில் நின்ற அந்த ஒரு மணி நேரம், அவர்கள் வினாவுக்குக் கூர் ஏற்றியிருக்கிறதே தவிர மழுக்கவில்லை.

2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னொரு படி சென்றது. ஒரு கட்டுப்பாடு நன்மை பயக்குமா என்று பார்ப்பது பொருந்தாது; பழங்காலத்தில் அதனை ஒத்த கட்டுப்பாடு இருந்ததா என்றே பார்க்கவேண்டும் என்றது. அதன் விளைவைப் பாருங்கள். மனைவியையோ உடன்வாழ்ந்தவளையோ அடித்துத் துன்புறுத்தியதால் மன்றத்தின் தடையாணைக்கு உட்பட்டவன் துமுக்கி வைத்திருக்கலாகாது என்று ஒரு சட்டம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே இது செல்லாது என்று கீழமன்றம் ஒன்று 2023-இல் தீர்ப்பளித்தது! மனைவியை அடித்தல் குற்றமென்றே பெரிதும் கருதப்படாத காலத்தில் அதற்குச் சட்டம் எங்கிருந்து வரும்? 2024 சூன் 21-இல் உச்ச அறமன்றம் எண்மர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் அதனை மாற்றியது. பெண்கள் பலர் உயிர்மூச்சு விட்டிருப்பர்.

அதே திங்களில் மற்றுமொரு சொல்வழக்கு. 2017 அக்தோபர் முதல் நாள் இரவு, இலாசு வேகாசு நகரில் இசைவிழாவிற் கூடியிருந்த மக்கள்மேல் ஒருவன் விடுதியின் மேல்மாடியிலிருந்து சுட்டான். அவனால் மாண்டோர் தொகை பின்னர் அறுபது என்று கணக்கிடப்பட்டது. அவன் துமுக்கிகளில், பின்னுதைப்பின் விசையைக்கொண்டே இடைவிடாது சுடச்செய்யும் ஒரு கட்டை பொருத்தப்பட்டிருந்தது. விசையின் ஒற்றைச் செயலால் தானாகப் பல குண்டுகளைச் சுடுவது பொறித்துமுக்கி என்பது பழைய சட்டத்தின் இலக்கணம். அக் கட்டை பொருத்திய துமுக்கியும் பொறித்துமுக்கியே என்று 2018-இல் அரசு விதித்தது. அறுவர் அதனை மறுத்தனர். விரல் அசையாதிருப்பினும் விசை ஒவ்வொரு குண்டிற்கும் தனித்தனியே முன்பின் அசைகிறது. ஆகவே ஒற்றைச் செயல் அன்று என்பது அவர் கூற்று. சுடுபவனின் விரற்செயல் ஒன்றே என்றனர் மூவர். செயல் யாருடையது, விரலுடையதா விசையுடையதா? எழுவாய் எது என்னும் இந்த வினாவுக்குப் பின்னே அறுபது உடல்கள் கிடக்கின்றன.

2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துமுக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் கொலையுண்டோர் 20,958. பாதிக்கு மேற்பட்டோர், 26,328 பேர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர். கட்சி கட்டிப் பேசுவோர் வாயில் இந்த இரண்டாம் எண் மிகுதியாக வருவதில்லை. உயிர்மாய்க்கும் எண்ணம் பெரும்பாலும் கடும்புயல் போல் வந்து தணிவது. வேறு வழியை நாடினோர் பலர் பிழைத்து, நெடுநாள் வாழ்ந்தும் இருக்கின்றனர். துமுக்கியை நாடினோருள் பத்தில் ஒன்பதின்மர் பிழைப்பதில்லை. அந்தப் பொழுதில் பேழைக்குள் அக் கருவி இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. 2020 முதலாக, அந்நாட்டுச் சிறுவர் பத்தொன்பது அகவைக்குள் மாள்வதற்கு ஊர்திநேர்ச்சியினும் நோயினும் துமுக்கியே முதற்கரணியம் ஆயிற்று. மக்கள் கையிலுள்ள துமுக்கிகள் ஏறத்தாழ 39 கோடி என 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. மக்கள் தொகையினும் அது மிகுதி.

பிறநாட்டார் செய்ததைச் சுருங்கச் சொன்னாற் போதும். 1996 மார்ச்சில் இசுக்காட்லாந்தின் தன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக்கொல்லப்பட்டனர். மறு ஆண்டே பிரித்தானியா தனியார் கைத்துமுக்கியைத் தடைசெய்தது. அதே 1996 ஏப்பிரலில் ஆத்திரேலியாவின் போர்ட்டு ஆர்தரில் 35 பேர் மாண்டனர். அவ்வரசு ஏறத்தாழ ஆறரை இலக்கம் துமுக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. ஆத்திரேலிய அரசமைப்பில் இத்தகைய தொடர் இல்லை. இங்கிலாந்தில் 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தில் ஒன்று இருந்தது. அமெரிக்கத் தொடரின் மூதாதை அதுவே. அதில், சீர்திருத்தச் சமயத்தார் படைக்கலம் வைத்திருக்கலாம் என்பதோடு 'சட்டம் இடந்தருமளவு' என்னும் கருத்துள்ள சொற்களும் சேர்ந்து நின்றன. அச் சொற்கள் கடல் கடந்து வரவில்லை.

எல்லர் வழக்கில் மறுத்தெழுதிய இசுடீவன்சு 2010-இல் ஓய்வுபெற்றார். 2014-இல் வெளியிட்ட நூலில், இரண்டாம் திருத்தத்துள் ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சேர்க்கவேண்டும் என்றார். 'குடிப்படையிற் பணிபுரியுங்கால்' என்பது அவற்றின் பொருள். படைக்கலம் ஏந்தும் உரிமையை அடுத்து அவற்றை வைத்தால் ஐயத்திற்கு இடமிராது என்பது அவர் கருத்து. உரையிலே தோற்ற உரையாசிரியர் மூலத்தைத் திருத்தித்தர வேண்டினார் என்க. நான்காண்டு சென்றபின், 2018 மார்ச்சில், திருத்துதலும் வேண்டா, அத் தொடரையே நீக்கிவிடுக என்று எழுதினார். 2019 சூலையில் தம் 99-ஆம் அகவையில் மறைந்தார்.

அரசமைப்பைத் திருத்த, பேராயத்தின் ஈரவையிலும் மூன்றில் இருபங்கினர் இசைந்தபின், ஐம்பது மாநிலங்களுள் முப்பத்தெட்டு ஏற்கவேண்டும். அவ்வாறு ஏற்கப்பெற்ற கடைசித் திருத்தம் 1992-இல் முற்றுப்பெற்றது. அது பேராய உறுப்பினர்தம் ஊதியத்தைப் பற்றியது.